மாமியாருக்கு மட்டும் சிறகு

என் கணவருக்குத் தமிழில் மிகவும் பிடித்த சொல் "கூடாது". அலுவலகத்தில் அவர் அதைச் சொல்ல முடிவதில்லை போலிருக்கிறது. வாரம் முழுக்கச் சேர்த்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து கொட்டுவார்.

அந்த மேசையில் நாங்கள் ஆடுவது கதை ஆட்டம். ஆளுக்கொரு பாத்திரமாகிக்கொள்வோம். வீரன், திருடி, வைத்தியச்சி, எதுவாகவும் இருக்கலாம். "நான் கதவை உதைக்கிறேன்" என்று நாம் சொன்னால், பகடையை உருட்டச் சொல்லி, கதவு உடைந்ததா கால் உடைந்ததா என்று ஒருவர் சொல்வார். அவருக்கு ஜி.எம். என்று பெயர். கதை, காடு, பூதம், சட்டம் எல்லாம் அவர் கையில். எங்கள் ஜி.எம். என் கணவர். எதுவாகவும் இருக்கலாம் என்றேன் அல்லவா, அது மற்றவர்கள் வீட்டில்.

என் அண்ணன் தினமும் எல்லைப் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். பாதி வாழ்க்கை அந்தப் பாலத்து ஜாமிலேயே கழிகிறது. இங்கே மறைந்து அங்கே தோன்றும் மந்திரவாதியாக வேண்டும் என்று ஆசையாகக் கேட்டான்.

"கூடாது மச்சான். அப்புறம் நான் எதுக்குக் கோட்டைக்குக் கதவு வச்சேன்?"

"டெய்லி வரிசையில நின்னு சாவுறேன், இங்கயாவது விடுங்க லா!"

விடவில்லை. அண்ணனும் அதற்குமேல் வாதாடவில்லை. தங்கை புருஷனிடம் எதிர்த்துப் பேசினால் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அவன் சாதாரண வாள்வீரனானான். முதல் நாளே கோட்டை வாசலில் அவனை வரிசையில் நிற்க வைத்தார் என் கணவர்.

பக்கத்து வீட்டு டீச்சர் மாதா கோயிலில் பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். அவர் வைத்தியச்சி. செத்தவர்களை எழுப்பும் வரம் கேட்டார். அதுவும் கூடாது. "எங்க ஆண்டவரே செஞ்சு காட்டியிருக்காரு" என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். "அவர் என் ஆட்டத்துல இல்ல டீச்சர்" என்றார் இவர். கொழுப்பைப் பாருங்கள்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பறக்க வேண்டும்.

நான் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க விளக்கடியில் குனிந்து உட்கார்ந்து, சின்னச் சின்னப் பாகங்களைப் புரட்டிப் பார்த்து, இது சரி, இது ரிஜெக்ட் என்று பிரித்துப் போடுவது வேலை. எங்கள் ஊரான செனாயில் கூரையை உரசிக்கொண்டுதான் விமானங்கள் இறங்கும். நான் ஒருமுறைகூட ஏறியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது, பொய்யாகவாவது, மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தால் யார் குடி முழுகிவிடும்? சிறகு முளைத்த பெண்ணாக வருகிறேன் என்று கேட்டேன். சோறு போடும்போது கேட்டேன், சண்டை போடும்போது கேட்டேன், அவருடைய பிறந்தநாளன்று கேக் வெட்டும்போதும் கேட்டேன்.

"நீ பறந்துட்டா என் பள்ளம் என்னாகும்?" இதுதான் பதில்.

அந்தப் பள்ளத்தைச் சொல்ல வேண்டும். கதையில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு வரப்போகிறது என்று அட்டைப்பெட்டிகளை வெட்டி, பசை தடவி, சாம்பல் நிறம் பூசி மேசையளவுக்கு ஒன்று செய்திருந்தார். நடுவில் கயிற்றுப் பாலம் வேறு. எங்கள் திருமண ஆல்பத்தைக்கூட அவர் இவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை. பறக்கிற ஆள் ஒருத்தி இருந்தால், அவள் பாட்டுக்குத் தாண்டிப் போய்விடுவாளாம், பள்ளத்துக்கு அவமானமாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த அட்டையை மழையில் வைத்திருப்பேன். டீச்சர்தான் தடுத்தார்.

பள்ளம் மேடையேறிய அன்று அம்மா வந்திருந்தாள். அவள் இருக்கும் செடெனாக்கிலிருந்து அண்ணன் காரில் அழைத்து வந்தான். வழக்கம்போல எங்கள் துணியெல்லாம் துவைத்துக் கொல்லையில் காயப்போட்டுவிட்டு, மேசை ஓரமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தாள்.

இங்கே ஒன்று தெரிய வேண்டும். என் அம்மா மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேச மாட்டாள். சண்டையெல்லாம் இல்லை, மரியாதை. அவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தாலும் "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளு" என்று என்னிடம்தான் சொல்வாள். அவரும் "போதும்னு சொல்லு" என்று என்னிடம்தான் சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் நடுவில் நான் தபால்காரி.

திடீரென்று அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "நானும் ஒரு ஆளா வரலாமான்னு மாப்பிள்ளைகிட்டக் கேளு."

அவர் நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார். "தாராளமா வரச் சொல்லு. என்ன ஆளா வரணும்னு கேளு."

"கருடனா வர்றேன். ரெக்க இவ்ளோ பெருசா இருக்கணும். மாப்பிள்ளைக்குச் சிரமமா இருந்தா வேணாம்மா."

பறப்பது கூடாது. விலங்கு, பறவை கூடாது. சாமி சம்பந்தப்பட்டது அறவே கூடாது. ஒரே வாயில் மூன்றையும் மீறிவிட்டாள். நாங்கள் மூவரும் ஜி.எம். முகத்தையே பார்த்தோம். மாமியார் வாய்திறந்து கேட்டதை எந்த மாப்பிள்ளை மறுப்பான்?

"சிரமமெல்லாம் ஒண்ணுமில்லன்னு சொல்லு" என்றார்.

"அலமாக்!" என்று வாயைப் பிளந்தான் அண்ணன்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கட்டிய பெண்டாட்டி எத்தனை மாதம் தொண்டை வறளக் கெஞ்சினேன்! பகடையை எடுத்து உருட்டினேன். பாலத்தில் முதல் அடி வைத்ததுமே ஒன்று விழுந்தது. ஒன்றைவிட மோசமான எண் கிடையாது. கயிறு அறுந்தது. எனக்கு முன்னால் பாலத்தில் போய்க்கொண்டிருந்த அண்ணன் நேராகப் பள்ளத்தின் அடிக்குப் போய்ச் சேர்ந்தான். டீச்சர் ஏற்கெனவே அக்கரையில் இருந்தார். நான் ஒற்றைக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். அடுத்த பகடையும் இப்படி விழுந்தால் செத்தேன். எழுப்புவதற்கு டீச்சருக்கும் வரமில்லை. மறுபடி முதலிலிருந்து, மறுபடி ஒரு சாதாரண மனுஷி.

"நான் போய்த் தூக்கலாமான்னு கேளு" என்றாள் அம்மா.

"ஒரு ஆளத்தான் தூக்க முடியும்னு சொல்லு."

அண்ணன் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான். எங்கள் வீட்டில் கோழிக்கால் எப்போதும் அவன் தட்டில்தான் விழும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"இவ தொங்குறா" என்றாள் அம்மா. "அவன் விழுந்தாச்சு. இனிமே விழுறதுக்கு எடமில்ல. இவளத் தூக்குறேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன். யாரும் நம்பவில்லை. கருடனின் காலில் நான் மேலே போனேன். பாலத்துக்கு மேலே, பள்ளத்துக்கு மேலே, கோட்டைக்கும் மேலே.

"மேல இருந்து பார்த்தா என்னல்லாம் தெரியுதுன்னு மாப்பிள்ளைகிட்டக் கேளு."

என் கணவர் குனிந்து அட்டையைப் பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார். பள்ளத்தின் ஒவ்வொரு கல்லுக்கும் பெயர் வைத்திருந்த மனிதர் வானத்துக்கு எதையுமே யோசித்து வைக்கவில்லை. யாரும் மேலே போகக் கூடாது என்பதுதானே சட்டம். கடைசியில் என்னைத் தாண்டி அம்மாவை நேராகப் பார்த்தார்.

"தெரியல அத்தை. நீங்களே சொல்லுங்க."

அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு உண்மையிலேயே பார்த்தாள்.

"எல்லாம் பச்சையா தெரியுது மாப்பிள்ளை. நீங்க செஞ்ச பள்ளம் துளியூண்டு இருக்கு. காத்து நல்லா வருது. இவ காலு ஆடுது, செருப்பு போடல." கண்ணைத் திறந்தாள், சன்னலைப் பார்த்தாள். "ஐயையோ, மழை! துணி!"

கருடன் எழுந்து கொல்லைக்கு ஓடியது.

"போய் அம்மாவுக்கு ஒத்தாச பண்ணுண்ணே" என்றேன்.

"எப்படிப் போறது? நான் பள்ளத்துல கிடக்கேன்" என்றான் அந்தத் தடியன். டீச்சர்தான் குடையோடு போனார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். குரலே மாறியிருந்தது. "கீழ எறக்கி விட்டுடவா? அத்தை வர்றதுக்கு நேரமாகும்."

வேலியில் பதினைந்து உருப்படிகளாவது இருக்கும், போர்வை வேறு. மடித்து வைக்காமல் அம்மா வரமாட்டாள். நான் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"கூடாது" என்றேன். "அம்மா மெதுவாவே வரட்டும்."