மூன்று நாள் தேங்காய்

என் மனைவியை நான் ஒருநாளும் அடித்ததில்லை. இருபத்து நாலு வருடமாக இதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். கல்யாண வீடுகளில், பிறந்தநாள் விருந்துகளில், எவனாவது பெண்சாதியை அடித்த கதை வந்தால் முதல் ஆளாக வாயைத் திறந்து, "நான் கை நீட்டினதே இல்லை" என்பேன். உண்மைதான். நான் அடித்ததெல்லாம் பொருட்களை. இரண்டு ரைஸ் குக்கர், ஒரு மைக்ரோவேவ், ஒரு கதிரை, எண்ணிக்கை மறந்துபோன கோப்பைகள். ஸ்பிரிங்வேலில் எங்கள் வீட்டு உட்சுவர்கள் வெறும் பிளாஸ்டர் பலகை. ஓங்கிக் குத்தினால் கை மணிக்கட்டைத் தாண்டி உள்ளே போகும். குத்திய இடங்களில் மனைவி பலசரக்குக் கடை சாமிக் கலண்டர்களைத் தொங்கவிட்டாள். குசினியில் பிள்ளையார், நடையில் முருகன், படுக்கையறையில் லட்சுமி. வீட்டுக்கு வருகிறவர்கள் எங்களைப் பெரிய பக்திமான்கள் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

எனக்கு வேலை ஒரு தொழிற்சாலையில் மெஷின் திருத்துவது. அங்கே பழைய மெஷின் ஒன்று இருக்கிறது. இடது பக்கத்தில் ஓங்கி ஒரு குத்து விட்டால்தான் ஓடும். அது நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எல்லாரும் சுற்றி நின்று கைதட்டுவார்கள். கோபத்துக்குச் சம்பளம் தருகிற நாடு என்று நான் பகிடி விடுவேன்.

மனைவி ஐம்பது வயதில் சைக்கிள் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பெண்களோடு ஓடையோரப் பாதையில் ஓடத் தொடங்கினாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, பொழுது போகட்டும் என்று விட்டுவிட்டேன். போன வசந்தத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, நான் ரிமோட்டைச் சுவரில் எறிந்து அது உடைந்து கிடந்தபோது, துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"வங்கரட்டாப் பக்கம் மூண்டு நாள் சைக்கிள் ஓடப் போறன். மலை ஊரெல்லாம் இருக்கு, வைன் தோட்டமெல்லாம் இருக்கு. வாறதெண்டால் நீங்களும் வாங்கோ."

"வாறன்" என்றேன்.

"ஒரு கதை இருக்கு. அந்த மூண்டு நாளும் உங்கட கோவத்தை நான் பார்க்கக் கூடாது. ஆரையும் அடிக்கக் கூடாது, எதையும் அடிக்கக் கூடாது. பார்த்தனெண்டால் நான் அங்கயிருந்தே ரெயினேறி மெரிலேண்ட்ஸில அக்கா வீட்ட போயிடுவன். பிறகு இஞ்ச வர மாட்டன்."

குரல் உயரவில்லை. அழவும் இல்லை. அவளுடைய அக்கா சிட்னியில் தனியாக இருக்கிறார், ஒரு அறை எப்போதும் சும்மா கிடக்கிறது. இது நெடுநாளாக யோசித்து வைத்த கதை என்று எனக்கு விளங்கியது. சிரித்து மழுப்பினேன். மூன்று நாள் என்ன, முப்பது நாளும் இருப்பேன் என்றேன்.

வங்கரட்டாவில் காரை நிறுத்திச் சைக்கிள்களை இறக்கியபோது அவளுடைய பையில் ஒரு தேங்காய் இருந்தது. நல்ல முற்றல், குடுமியோடு. புதுப் பயணத்துக்கு உடைக்கத்தான் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்து அதைத் தூக்கி நிலத்தில் அடிக்கக் கையை ஓங்கினேன். அவளுடைய வலது தோள் காதுவரை ஏறி, தலை ஒரு பக்கம் சரிந்தது. தண்ணீர் தெறிக்கும் என்று ஒதுங்குகிறாள் என்று எண்ணினேன்.

"இப்ப இல்லை" என்றாள். "மூண்டு நாளும் நல்லபடியாப் போனால் கடைசியில பிள்ளையாருக்கு உடைக்கிறதெண்டு நேர்ந்து வச்சிருக்கிறன். நீங்கள்தான் உடைக்கோணும்."

தேங்காய் அவளுடைய முன்பையில் ஏறிக்கொண்டது. தண்டவாளம் கழற்றிய பழைய ரயில் பாதையில் ஓடினோம். இரு பக்கமும் புல்வெளி, மாடுகள், தூரத்தில் நீல மலை. மேடு பள்ளம் வரும்போதெல்லாம் பைக்குள் அந்தத் தேங்காய் டொக் டொக் என்று கம்பியில் இடித்தது. நான் முன்னால், அவள் பின்னால். நான் மெதுவாக ஓடினால் அவளும் மெதுவாக ஓடினாள். நின்றால் நின்றாள். எப்போதும் ஒரு காரின் நீளத்துக்குப் பின்னால்.

முதல் அடி எனக்குத்தான் விழுந்தது. மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவை வசந்தத்தில் கூட்டைக் காக்க ஆட்களைத் தாக்கும், சைக்கிள்காரரைக் கண்டால் அதற்கு ஆகவே ஆகாது. பின்னாலிருந்து வந்து ஹெல்மெட்டில் அறைந்தது. திரும்புவதற்குள் இன்னொன்று. மூன்றாவது தரம் காதைக் கிழித்துவிட்டுப் போனது. கழுத்தில் சூடாக இரத்தம் இறங்கியது. சைக்கிளைப் போட்டுவிட்டு, என் வாயில் வந்த தூஷணத்தையெல்லாம் அந்த மரத்தைப் பார்த்துக் கொட்டினேன். கைக்கு அடக்கமான ஒரு கல் கிடைத்தது. அதன் கழுத்தை முறிக்க வேண்டும், அது துடிப்பதைப் பார்க்க வேண்டும் என்று அப்பட்டமாக ஆசை வந்தது. பின்னால் சத்தமே இல்லை. திரும்பினேன். ஒரு காலை நிலத்தில் ஊன்றி, கையை பிரேக்கில் வைத்தபடி அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கல்லைக் காற்சட்டைப் பையில் போட்டேன்.

"இதையும் கணக்கில சேர்க்கப் போறீரே?"

"எறியேல்லைத்தானே" என்றாள்.

மிலாவாவில் ஒரு வைன் தோட்டத்தில் நின்றோம். ஊற்றித் தந்த பெண், சுவைத்துவிட்டு வாளியில் துப்பலாம் என்றாள். மனைவி ஒவ்வொரு மிடறையும் நாக்கில் உருட்டி நேர்த்தியாகத் துப்பினாள். நான் ஆறு கிளாசையும் விழுங்கினேன். பிறகு வெயிலில் தலை சுற்றி, வளைவொன்றில் முட்புதருக்குள் தலைகீழாகப் போனேன். முழங்காலில் தோல் இல்லை. எழும்பிய வேகத்தில் சைக்கிள் சில்லை மிதித்து நசுக்கக் காலைத் தூக்கினேன். டொக் டொக் நின்றுபோனது. காலை இறக்கினேன். அன்றைக்குப் படுத்தபோது என் பற்கள் வலித்தன. நாள் முழுவதும் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் பீச்வேர்த் ஏற்றம். எனக்கு நாக்கு வெளியே தள்ளியது. அவளுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. என்னை முந்திப் போயிருக்கலாம், போகவில்லை. "முன்னால போமன்" என்றேன். "இல்லை, நீங்கள் போங்கோ" என்றாள். மரியாதைக்குச் செய்கிறாள் என்று எனக்குள் ஒரு பெருமை.

பீச்வேர்த் தங்கம் தோண்டிய காலத்து ஊர். எல்லாம் தேன் நிறக் கல் கட்டடங்கள். பழைய சிறைச்சாலையைச் சுற்றிக் காட்டினார்கள். தூக்குப் போட்ட இடத்தைக் காட்டினார்கள். பிறகு, விரும்பியவர்கள் ஒரு கூண்டுக்குள் போகலாம், ஒரு நிமிடம் கதவைப் பூட்டிக் காட்டுகிறோம் என்றார் வழிகாட்டி. நாங்கள் இரண்டு பேரும் போனோம். இரும்புக் கதவு அறைந்து சாத்தப்பட்டது. என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. கதவு திறந்தபோது அவளுடைய முகத்தில் இரத்தமே இல்லை.

"எங்கட கார் மாதிரி" என்றாள்.

எங்கள் கார் சின்னக் கார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் வெளியே போய் வெயிலில் நின்றாள்.

மூன்றாம் நாள் காலை இறக்கம். மிதிக்கவே வேண்டாம், காற்றில் போகலாம். வங்கரட்டாவுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம், அதற்குப் பிறகு தேங்காய். வென்றுவிட்டேன் என்று மனதுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன். பாதை பெருந்தெருவைக் கடக்கும் இடத்தில் யூட் என்று இங்கே சொல்கிற, பின்னால் திறந்த தட்டு வைத்த வெள்ளை வண்டி ஒன்று எங்களை உரசிக்கொண்டு வந்தது. ஜன்னலால் ஒருத்தன் தலையை நீட்டி, வந்த இடத்துக்கே போங்கள் என்று கத்தினான். கையில் இருந்த ஐஸ் கோப்பிப் பெட்டியை எறிந்தான். அது மனைவியின் முதுகில் வெடித்தது. சிரிப்புச் சத்தத்தோடு வண்டி போய்விட்டது.

நான் திரும்பி அவளிடம் போனேன். முதுகால் பால்க்கோப்பி வழிந்துகொண்டிருந்தது.

"எனக்கு ஒண்டுமில்லை" என்றாள். "கோப்பி தானே. கழுவினால் போயிடும்."

அவளுடைய முன்பையைத் திறந்து தேங்காயை எடுத்தேன்.

"இண்டைக்கு மூண்டாம் நாளப்பா."

அந்த வார்த்தை காதில் விழுந்தது. விழவில்லை என்று நான் பிறகு பலரிடம் பொய் சொல்லியிருக்கிறேன். தேங்காயைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு தெருவால் மிதித்தேன். என் பெண்சாதிக்காக என்று ஒவ்வொரு மிதிக்கும் சொல்லிக்கொண்டேன். ஆனால் உண்மையைச் சொன்னால், மூன்று நாள் கட்டிப்போட்ட நாயை அவிழ்த்துவிட்ட மாதிரி எனக்கு ஒரே சந்தோசம். உடம்பெல்லாம் இனித்தது.

அடுத்த ஊர் ஒரு கடையும் பெட்ரோல் பம்பும் மட்டும்தான். கடை வாசலில் வெள்ளை யூட் நின்றது. நான் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, குதித்தேன். இரண்டு கையாலும் தேங்காயைத் தலைக்கு மேல் தூக்கி, கோயில் வாசலில் சிதறு தேங்காய் அடிக்கிற அதே வீச்சில், முன் கண்ணாடியில் அடித்தேன்.

கண்ணாடி ஒரே சத்தத்தில் வெள்ளையாகிப் போனது. நடுவில் ஒரு குழி. பின் தட்டில் கட்டியிருந்த நாய் வெறி பிடித்துக் குரைத்தது. அந்த முதல் வண்டியில் நாய் இருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கதவைத் திறந்தேன். உள்ளே எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு மனிதர். மடியில் கடித்த இறைச்சிப் பேஸ்ட்ரி ஒன்று, அதன் மேல் கண்ணாடித் துகள். கண்ணுக்குக் கீழே ஒரு கீறலிலிருந்து இரத்தம் வந்தது. அவர் திட்டவில்லை. வலது தோள் காதுவரை ஏறி, தலை ஒரு பக்கம் சரிந்து, அடுத்த அடிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"மேட், நான் உனக்கு என்ன செய்தேன்?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

அந்தத் தோளை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்று நாளைக்கு முன்னால் வங்கரட்டாவில் பார்த்த தோள். குசினிக் கதவடியில், நடையில், காரின் இடது சீட்டில், இருபத்து நாலு வருடமாகப் பார்த்த தோள். அடிக்காதவனுக்கு முன்னால் யாராவது அப்படி நிற்பார்களா? அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அந்த மனிதரிடம் எத்தனை தரம் சொன்னேன் என்று தெரியாது. அவர் நாயைத்தான் தடவிக்கொண்டிருந்தார்.

தேங்காய் உடையவில்லை. கண்ணாடியில் பட்டு எகிறி, தெருவோர வடிகானுக்குள் முழுசாகக் கிடந்தது.

மனைவி வந்தாள். அந்த மனிதரின் முகத்தைத் தன் தண்ணீர்ப் போத்தலால் கழுவி, முதலுதவிப் பையிலிருந்து பிளாஸ்டர் ஒட்டினாள். பொலிஸ் வரும்வரை அவருக்குப் பக்கத்திலேயே நின்றாள். பொலிஸ் என்னிடம் வாக்குமூலம் எழுதி, வழக்குக்கு வரச் சொல்லிக் கடிதம் தந்தது. எல்லாம் முடிந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. பிறகு வங்கரட்டா வரைக்கும் ஓடினோம். இந்த முறை அவள் முன்னால் போனாள். ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சிட்னி ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. மேடையில் நான் ஒரு மர வாங்கிலும் அவள் அடுத்த வாங்கிலும் இருந்தோம். உம்மைத் தொட்டவனைத்தானே தேடிப் போனேன், எனக்காக ஒருதரம் யோசியும் என்று கெஞ்சினேன். வெட்கத்தை விட்டு அழுதேன்.

"ஏன் சைக்கிள் வாங்கினனான் எண்டு நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை" என்றாள். "காருக்குள்ள உங்களுக்குக் கோவம் வந்தால் எனக்குப் போக இடமில்லை. மொனாஷ் ஃப்ரீவேயில ஸ்டியரிங்குக்குக் குத்திக் குத்தி ஓடுவியள். கதவைத் திறந்து குதிக்கலாமோ எண்டு எத்தனை தரம் யோசிச்சனான் தெரியுமே? சைக்கிள் எண்டால் பிரேக்கைப் பிடிச்சால் போதும். நீங்கள் போய்க்கொண்டே இருப்பியள்."

அவள் ஏன் ஒரு காரின் நீளத்துக்குப் பின்னால் வந்தாள் என்று எனக்கு அப்போது விளங்கியது.

ரயில் வந்தது. சைக்கிளை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, பையிலிருந்து தேங்காயை எடுத்து என் வாங்கில் எனக்குப் பக்கத்தில் வைத்தாள். கானிலிருந்து எப்போது எடுத்தாள் என்று நான் காணவில்லை.

"நேர்த்திக்கடனை விடக் கூடாது" என்றாள். "மூண்டு நாள் தொடர்ந்து, ஒண்டையும் அடிக்காமல், குத்தாமல், எறியாமல் இருந்தீங்களெண்டால் உடையுங்கோ. எனக்குச் சொல்லத் தேவையில்லை. உடைச்சால் போதும்."

அந்த மனிதரின் வண்டிக் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தேன். நீதிமன்றம் ஒரு வகுப்புக்குப் போகச் சொன்னது. செவ்வாய்க்கிழமைகளில் டண்டினோங்கில் எட்டு ஆண்கள் வட்டமாக இருந்து பேசுகிறோம். முதல் நாள், நான் மனைவியை ஒருநாளும் அடித்ததில்லை என்றேன். மற்ற ஏழு பேரும் தாங்களும் அடித்ததில்லை என்றார்கள். கலண்டர்களைக் கழற்றி ஓட்டைகளை அடைத்துப் பூசினேன். தொழிற்சாலையில் அந்த மெஷினைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, மாற்றியதும் தானாகவே ஓடுகிறது. இப்போது யாரும் கைதட்டுவதில்லை.

தேங்காய் குசினி மேசையில் இருக்கிறது. ஒவ்வொரு நாள் முடிவிலும் குடுமியில் ஒரு ரப்பர் வளையம் மாட்டுவேன். தவறினால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். ஒருதரம் இரண்டு வளையம் வந்தது. மூன்றாம் நாள் காலை பாண் கருகிவிட்டது, டோஸ்டரை எடுத்து நிலத்தில் அடித்தேன். வீட்டில் யாருமே இல்லை, கோபப்படுவதற்கு ஒரு ஆள்கூட இல்லை, அப்போதும் அடித்தேன்.

தேங்காய் அப்படி நெடுநாள் இருக்காது. உள்ளே தண்ணீர் வற்றி, கண் பக்கத்தில் பூஞ்சணம் பிடித்து மணக்கத் தொடங்கும். அதைப் போட்டுவிட்டு ஸ்பிரிங்வேல் கடையில் வேறு ஒன்று வாங்கி வருவேன். இப்போது மேசையில் இருப்பது நாலாவது.