சீமாட்டி யாருடைய கோழி

காஜாக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தையல் கடைகளில் தைத்து முடித்த சட்டைகள் மூட்டை மூட்டையாக அவள் வீட்டுக்கு வரும். பொத்தான் நுழைகிற ஓட்டையை வெட்டி, அதன் ஓரத்தை நூலால் நெருக்கிக் கட்டி, எதிர்ப்பக்கம் பொத்தானையும் தைத்துத் திருப்பி அனுப்புவாள். அந்த ஓட்டைக்குத் தொழிலில் காஜா என்று பெயர். முப்பது வருடமாக அதே வேலை, ஆகவே காஜாக்கா. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "நேரமில்ல" என்பாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு தங்கை. அந்தத் தங்கைதான் அவள் வயிற்றெரிச்சல் முழுவதற்கும் சொந்தக்காரி.

சின்ன வயதில் இரண்டு பேருக்கும் ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்டாலும், வருகிறவர்கள் சின்னவளைப் பார்த்துத்தான் "என்ன எடுப்பா இருக்கு" என்பார்கள். பூனை பெரியவள் வைத்த பாலைக் குடித்துவிட்டுச் சின்னவள் மடியில் போய்த் தூங்கும். பெரியவளைத் தேடி வீட்டுக்கு வந்த தோழி, மூன்றாம் முறை வரும்போது சின்னவளைத் தேடி வந்திருப்பாள். சின்னவள் யாரிடமும் எதையும் கேட்கமாட்டாள், பிடுங்கமாட்டாள், கன்னத்தில் குழி விழச் சிரித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். எல்லாம் தானாக அவளிடம் போய்ச் சேரும். பிடுங்கியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் காஜாக்கா அறுபது வயதுவரை உள்ளுக்குள்ளேயே பொசுங்கிக்கொண்டிருந்தாள்.

தங்கை பக்கம் போகாமல் தப்பிப் பிழைத்தது சீமாட்டி மட்டும்தான்.

சீமாட்டி ஒரு கறுப்புக் கோழி. குஞ்சாக இருந்தபோது பொத்தான் டப்பாவுக்குள் தூங்கி வளர்ந்தது. ஏழு வயதாகி, முட்டை போடுவதையெல்லாம் நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் பெரியவள் போல நடமாடிக்கொண்டிருந்தது. காஜாக்கா "பா பா" என்றால் எங்கிருந்தாலும் வரும், வேறு யார் கூப்பிட்டாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. முட்டைக்கென்று பின்னால் வாங்கிய நாலு பழுப்பு நிறக் கோழிகளும் கொல்லையில் இருந்தன. அவை சாப்பிட்டன, முட்டை போட்டன, அவ்வளவுதான். தங்கை வருடத்துக்கு இரண்டு முறை வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். சீமாட்டியையும் மயக்கிக்கொண்டு போக அந்த அரை மணி அவளுக்குப் போதவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் தங்கை வீட்டுக் கூரை ஒழுகத் தொடங்கியது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, மகனும் வேலைக்காக வெளியூர் போய்விட்ட பிறகு அவள் தனியாகத்தான் இருந்தாள். ஒரு பையோடு வந்து வாசலில் நின்றாள்.

"கொத்தனார் ஒரு மாசம் ஆகும்னு சொல்றார்க்கா. இங்க இருந்துக்கட்டுமா?"

"இதென்னடி கேள்வி, உள்ள வா" என்றாள் காஜாக்கா. பின்னறையை ஒழித்தும் கொடுத்தாள். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை தங்கை காபி டம்ளரோடு கொல்லைப்படியில் உட்கார்ந்து கோழிகளை வேடிக்கை பார்த்தாள். பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலையில் இருபது வருடம் உட்கார்ந்து பழகிய உடம்பு அது. அங்கே பல்லைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறவர்களையெல்லாம் சிரித்துப் பேசியே வாயைத் திறக்கவைத்தவள்.

"அக்கா, இந்தக் கறுப்புக் கோழி சாப்பிடறதே இல்லையே?"

"சாப்பிடாமதான் ஏழு வருஷம் இருக்காளா? தட்டைப் பாரு, காலி."

"தட்டு காலிதான். யாரு காலி பண்ணாங்கன்னு பாத்தியா?"

காஜாக்கா பார்த்ததில்லை. தீவனத்தைத் தட்டில் கொட்டிவிட்டு ஊசியை எடுக்க ஓடுகிறவள் அவள். தங்கை கையைக் காட்டினாள். நாலு பழுப்புக் கோழிகளும் தட்டைச் சுற்றி நின்றன. சீமாட்டி ஒரு அடி முன்னால் வந்தால் ஒன்று தலையில் கொத்தியது. சீமாட்டி பின்வாங்கி, தரையில் எதையோ பொறுக்குவதுபோல் பாவனை செய்தது. தங்கை எழுந்து போய் அதைத் தூக்கினாள். சீமாட்டி இறக்கையைக்கூட அடிக்கவில்லை.

"ஐயோ, என்னக்கா இது? உள்ள ஒண்ணுமே இல்ல, எல்லாம் வெறும் இறகு!"

காஜாக்காவும் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். நடு எலும்பு கத்தி முனைபோல் விரலில் இடறியது. கூப்பிட்டால் வருகிறதே என்று அவள் அதைத் தூக்கிப் பார்த்தே மாதக்கணக்கில் ஆகியிருந்தது. முதலில் வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் அடங்குவதற்குள் கோபம் வந்தது. வந்து இறங்கி ஒரு ராத்திரி ஆகவில்லை, அதற்குள் இதைக் கண்டுபிடிக்க இவள்தானா கிடைத்தாள்?

கால்நடை டாக்டரிடம் இரண்டு பேரும் போனார்கள். அவர் இறகை விலக்கிப் பேன் காட்டினார், பூச்சிக்கு மருந்து கொடுத்தார். "எல்லாத்துக்கும் மேல இது பட்டினிம்மா. தனியா, கதகதப்பா வைங்க. நனைச்ச தீவனம், அவிச்ச முட்டையோட மஞ்சள்கரு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமா. காஞ்ச தானியம் இப்போதைக்குக் கண்ணுலயே காட்டாதீங்க. ஒரு ஆள்தான் ஊட்டணும், அப்பதான் எவ்வளவு போச்சுன்னு தெரியும். யாரு பாத்துக்கப் போறது?"

"நான்" என்றார்கள் இரண்டு பேரும்.

டாக்டர் இரண்டு முகங்களையும் பார்த்தார். பிறகு மீதி எல்லாவற்றையும் சின்னவளைப் பார்த்தே சொன்னார். டாக்டர் மட்டும் வேறு எப்படி இருப்பார் என்று காஜாக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பின்னறையில் அட்டைப் பெட்டி, பழைய துணி, மேலே ஒரு பல்பு என்று சீமாட்டிக்கு ஆஸ்பத்திரி தயாரானது. தங்கை மஞ்சள்கருவைப் பிசைந்து விரல் நுனியில் எடுத்துக் கொஞ்சினாள். "எங்கே, ஆ காட்டு, எத்தனை பேரு வாயைத் திறக்க வெச்சிருக்கேன், நீ எம்மாத்திரம்?" சீமாட்டி மூன்று முறை முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலாவது முறை வாங்கிக்கொண்டது. முன்னறையில் சட்டை மூட்டை முன்னால் உட்கார்ந்திருந்த காஜாக்காவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. கோழிக்கே முட்டையா என்று ஒரு கேலி வாய்வரை வந்தது. பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று விழுங்கிவிட்டாள்.

எதிர்வீட்டு லாண்டரிக்காரர் வந்து பார்த்தார். "சின்னம்மாவுக்கு என்ன கைராசி! கோழி முழிச்சுப் பாக்குதே!" என்றார். இத்தனை வருடம் அதே கோழி முழித்துத்தான் இருந்தது, அவர் வந்து பார்த்ததில்லை.

சீமாட்டி பிழைக்கவேண்டும் என்று காஜாக்கா மனதாரத்தான் நினைத்தாள். தங்கை கையால் பிழைக்கக்கூடாது என்பதையும் அதே மனதார நினைத்தாள். இரண்டுக்கும் ஒரே மனதில் இடம் இருந்தது.

அதனால்தான் விடிவதற்கு முன்பே எழுந்துகொண்டாள். தங்கை தூங்கும்போது பூனைபோல் பின்னறைக்குள் போய், உள்ளங்கையில் உடைத்த சோளத்தை நீட்டினாள். சீமாட்டிக்குச் சோளம் என்றால் உயிர். மஞ்சள்கருவுக்கு அத்தனை பிகு செய்தது, சோளத்தை மளமளவென்று கொத்தித் தின்றது. மூக்கு உள்ளங்கையில் படப்பட அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பார்த்தாயா, யாரைத் தெரிகிறது உனக்கு? மறுநாளும் கொடுத்தாள். அடுத்த நாள் இன்னும் ஒரு பிடி சேர்த்துக் கொடுத்தாள்.

பிறகு ஒரு காலையில் சீமாட்டி தலையைத் தூக்கவில்லை. இரை போய்த் தங்குகிற கழுத்தடிப் பை வீங்கிக் கல்லாகக் கிடந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது. மஞ்சள்கரு, தண்ணீர், ஒன்றும் இறங்கவில்லை.

தங்கை ஓய்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்தாள். "டாக்டர் சொன்னபடிதானே கொடுத்தேன்? எங்க தப்புப் பண்ணேன்னே தெரியலக்கா." அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. லாண்டரிக்காரர் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார், கைராசியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

அந்த நிமிஷம் காஜாக்காவுக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது, இருந்தது. அறுபது வருடத்தில் முதல்முறையாகத் தங்கை ஒன்றில் தோற்றுப்போய் அவள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். காஜாக்கா அதை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் பெட்டிக்குள் பார்த்தாள். சீமாட்டியின் கண்மேல் வெள்ளைத் தோல் பாதி மூடியிருந்தது.

"சோளம்" என்றாள்.

"என்ன சோளம்?"

"காஞ்ச சோளம். தினமும் நீ எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி. நான்தான் குடுத்தேன்."

 தங்கைக்குப் புரிந்ததும் அந்தச் சிரித்த முகம் இருந்த இடம் தெரியவில்லை.

"அடிப்பாவி! என்மேல கோவம்னா என் தலைமயிரைப் பிடிச்சு ஆட்டு. அது தொண்டையில போய் ஏன்க்கா சண்டை போடற?"

  தங்கை டாக்டருக்குப் போன் போட்டாள், அவர் சொல்லச் சொல்ல இரண்டு பேரும் வேலையில் இறங்கினார்கள். தங்கை வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட, காஜாக்கா அந்தப் பையை விரல் நுனிகளால் மெதுவாகப் பிசைந்தாள். மெல்லிய துணியில்கூட நூல் இழுபடாமல் வேலை செய்கிற விரல்கள். விட்டு விட்டு மறுநாள்வரை பிசைந்தார்கள். கல் முதலில் மணலானது, பிறகு களியானது, பிறகு காணாமல் போனது. சீமாட்டி எச்சம் போட்டது. அதைப் பார்த்து இரண்டு கிழவிகள் கட்டிப்பிடித்துக்கொண்டதை லாண்டரிக்காரர் பார்த்திருந்தால் இரண்டு பேருக்குமே மருந்து கேட்டிருப்பார்.

"இனிமே நீயே ஊட்டு. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்" என்றாள் காஜாக்கா. சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள்.

பலன் என்ன? சீமாட்டி தேறியது. கொண்டை சிவந்தது, நெஞ்செலும்பு சதைக்குள் மறைந்தது. தங்கை கொல்லைக்குப் போனால் கொல்லைக்கு, அடுப்படிக்குப் போனால் அடுப்படிக்கு என்று அவள் காலைச் சுற்றியே திரிந்தது. ஒருநாள் காஜாக்கா சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று "பா பா" என்றாள். சீமாட்டி தலையைத் திருப்பிப் பார்த்தது. பார்த்துவிட்டுத் தங்கையின் பின்னாலேயே போய்விட்டது. காஜாக்காவுக்கு அடிவயிற்றில் பற்றிக்கொண்டது. அந்தப் பூனைகூட இவ்வளவு செய்ததில்லை.

உடம்பு தேறியதும் மற்ற கோழிகளோடு விட்டுப் பார்த்தார்கள். அத்தனை நாள் கண்ணில் படாமல் இருந்துவிட்டதால் அவற்றுக்குச் சீமாட்டி வேற்றாளாகிவிட்டது. நாலும் ஒன்றாகப் பாய்ந்தன, கொண்டையில் ரத்தம் வந்துவிட்டது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வைத்துக் கண்ணுக்குப் பழக்கினார்கள். வலையை எடுத்ததும் மறுபடி அதே கதைதான்.

கூரை வேலையும் முடிந்தது. தங்கை துணிமணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, சீமாட்டியை நான் கொண்டு போறேனே. இங்க இருந்தா மறுபடி அதுங்க பட்டினி போட்டுடும். எங்க வீட்ல வேற கோழியே இல்ல. ராணி மாதிரி இருப்பா."

"அதுதான் சரி" என்றார் இஸ்திரித் துணி கொடுக்க வந்த லாண்டரிக்காரர், அவரை யாரும் கேட்கவில்லை. ஆனால் அதுதான் சரி. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் சரியாகவே இருந்தது. தங்கை பிடுங்கவில்லை. எப்போதும்போல அதுவாகவே அவளிடம் போகிறது. அன்று சாயங்காலம் காஜாக்கா மூன்று சட்டைகளில் காஜாவை இடப்பக்கத்துக்குப் பதில் வலப்பக்கம் மாற்றி வெட்டிவிட்டாள். முப்பது வருடத்தில் அது நடந்ததில்லை.

காலையில் தங்கை பையோடு வாசலுக்கு வந்தபோது, மூடி கட்டிய பெரிய கூடை ஒன்று அங்கே இருந்தது. உள்ளே சடசடவென்று சத்தம்.

"என்னக்கா இது? சீமாட்டி பின்னறையில இருக்காளே?"

"அவ இருக்கட்டும். இந்த நாலையும் நீ கொண்டு போ."

"நாலுமா? நாலும் முட்டை போடுதேக்கா!"

"அதான் கொண்டு போன்னு சொல்றேன்."

"அது கெழம். முட்டையும் இல்ல. அதை வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப் போற?"

"என்னவோ பண்றேன். வண்டி நிக்குது பாரு, ஏறு."

தங்கை அவள் முகத்தையே பார்த்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறிக்கொண்டாள். லாண்டரிக்காரர் தெருவுக்கே கேட்கும்படி, "உடன்பிறப்புன்னா இப்படி இருக்கணும்! நல்லதையெல்லாம் தங்கச்சிக்குத் தூக்கிக் குடுத்துட்டு, ஆகாததைத் தனக்கு வெச்சுக்கிட்டாங்களே, எவ்வளவு பெரிய மனசு!" என்றார். மனசு எவ்வளவு பெரியது என்பது காஜாக்காவுக்குத் தெரியும். அவள் அவரைத் திருத்தப் போகவில்லை.

அடுத்த வாரம் தங்கை போன் செய்தாள்.

"அக்கா! புது இடம்னு சும்மா இருந்துச்சுங்க, இன்னைக்கு ரெண்டு முட்டை! பக்கத்து வீட்டு அம்மா பாத்துப் பாத்து வயிறெரியறாங்க!"

"எரியட்டும், எரியட்டும்" என்றாள் காஜாக்கா. தன் வயிற்றில் ஒன்றும் எரியவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சீமாட்டி எப்படிக்கா இருக்கா? சாப்பிடறாளா?"

"நல்லா சாப்பிடறா."

தங்கையின் குரல் தணிந்தது. "என்னைத் தேடினாளா?"

காஜாக்கா போனைக் காதில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தாள். சாத்தியிருந்த பின்னறைக் கதவின் முன்னால் சீமாட்டி நின்றுகொண்டிருந்தது. தங்கை போன நாளிலிருந்து சாயங்காலமானால் அதே இடம்தான். கதவைப் பார்த்துக் கழுத்தை நீட்டி, கொக் கொக்கென்று மெல்லக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"தேடவே இல்லடி. ஒரு தடவைகூட இல்ல" என்றாள்.

 "சரிக்கா" என்று அந்தப் பக்கம் ஒரு சின்னக் குரல் கேட்டது, போன் நின்றது.

காஜாக்கா போனை வைத்துவிட்டு எழுந்து போய், பின்னறைக் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே யாரும் இல்லை என்பதை அதுவே பார்த்துக்கொள்ளட்டும்.