காபிக்கு ஒரு தோல் துண்டு

ஆம்பூர் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனி ஆபீசில் எனக்கென்று ஒரு அறை உண்டு. பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேடையில் அடுப்பு, ஒரு ஸ்டூல், ஒரு ஜன்னல், கை கழுவுகிற தொட்டி, அவ்வளவுதான். ஆனால் அதற்குக் கதவு இருந்தது. உள்ளே போய்ச் சாத்திக்கொண்டால் என்னோடு யாரும் பேச மாட்டார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு எப்போதுமே வராது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குப் பாதிக் காரணம், ஆறாவதில் எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொல்வார்கள் என்று யாரோ சொல்லிவைத்ததுதான். வீட்டிலோ மருமகள், டிவி, டிவிச் சத்தத்தையே அமுக்கிவிட்டுப் பேசுகிற பக்கத்து வீட்டுக்காரி. அதனால் வேலைக்குப் போவதைத்தான் நான் ஓய்வு என்று வைத்திருந்தேன். காபி போடுவேன், டம்ளர் கழுவுவேன், சாயந்தரம் பஸ் ஏறுவேன்.

அந்த ஓய்வைக் கெடுக்க ஒரு மெஷின் வந்தது.

எங்கள் முதலாளி வெளிநாட்டில் ஷூ கண்காட்சிக்குப் போனவர் அங்கே ஒரு காபி குடித்தாராம். திரும்பி வந்ததிலிருந்து என் காபி அவர் தொண்டையில் இறங்கவில்லை. பையர் வரப்போகிற நேரம். பையர் என்றால் எங்கள் ஷூவை மொத்தமாக வாங்குகிற வெளிநாட்டுக்காரர். அவருக்கும் இந்தக் காபியையே கொடுத்தால் ஆர்டர் போய்விடும் என்று முதலாளிக்குப் பயம் வந்துவிட்டது. இத்தனை வருஷமாக அந்தக் காபியைக் குடித்துவிட்டுத்தான் பையர்கள் ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதை நான் சொல்லவில்லை. நான் எதையும் சொல்வதில்லை.

ஆட்கள் தூக்க முடியாமல் தூக்கி வந்து மெஷினை மேடைமேல் வைத்தார்கள். என் அடுப்பு வெளியே போனது. ஆட்களைச் சேர்ப்பதும் நிறுத்துவதும் எச்.ஆர். மேடத்தின் வேலை. அவர் வந்து என் தோளைத் தொட்டுச் சொன்னார்:

"இனிமே உங்களுக்குக் கஷ்டமே இல்ல ஆயா. பட்டனை அமுக்குனா காபி. பையர் வந்துட்டுப் போகட்டும், அப்புறம் உங்களுக்கு ரெஸ்ட் குடுத்துடலாம்னு இருக்கோம்."

அவர் கொடுக்கப் போகிற ரெஸ்ட், மருமகளும் டிவியும் இருக்கிற ரெஸ்ட். தலையை ஆட்டினேன்.

மெஷின் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து எல்லோரையும் நிற்க வைத்து விளக்கம் சொன்னார். உள்ளே இரண்டு பாய்லராம். ஒன்று காபி இறக்குவதற்கு, இன்னொன்று பாலை நுரைக்கிற ஆவிக்கு. ஒரே பாய்லர் உள்ள மெஷினில் காபி இறங்கியபிறகு ஆவிக்குக் காத்திருக்க வேண்டுமாம். காபிக்கு ஒரு சூடு, ஆவிக்கு அதைவிட ஜாஸ்தி சூடு. இதில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும், நேரம் மிச்சம். மிச்சமாகிற நேரத்தைக் கேட்டு எல்லா மேனேஜர்களும் சந்தோஷப்பட்டார்கள். அன்று மத்தியானம் வரை அங்கேயே நின்று சந்தோஷப்பட்டார்கள்.

பிறகு அதன் பராமரிப்பைச் சொன்னார். காலையில் அரை மணி நேரம் அது சூடேற வேண்டும், அதுவரை அதைத் தொந்தரவு செய்யக் கூடாது. பால் நுரைத்த உடனே ஆவிக் குழாயை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், விட்டால் பால் காய்ந்து அடைத்துக்கொள்ளும். சாயந்தரம் காபித்தூள் போடுகிற கிண்ணத்துக்குப் பதிலாக ஓட்டை இல்லாத கிண்ணத்தை மாட்டி, கழுவுவதற்கென்று உள்ள பொடியைப் போட்டு, தண்ணீரைத் திருப்பி அனுப்பி மெஷினின் தொண்டையைக் கழுவ வேண்டும். ரப்பர் வளையம் தேய்ந்தால் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், இந்த ஊர்த் தண்ணீர் அதற்கு ஆகாது. பாய்லருக்குள் உப்பு படிந்துவிடும். கேன் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், அதிலும் உப்பு இருக்கிறதா என்று அடிக்கடி ஒரு காகிதத்தை நனைத்துப் பார்க்க வேண்டும்.

பிறந்ததிலிருந்து நான் அந்த ஊர்த் தண்ணீரைத்தான் குடிக்கிறேன். எனக்குள் எத்தனை அடுக்கு படிந்திருக்கிறதோ, யாரும் கழற்றிப் பார்த்ததில்லை.

பட்டனை அமுக்கினால் காபி என்று மேடம் சொன்னது பொய்யில்லை. அமுக்குவதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ளதைத்தான் விட்டுவிட்டார். அதனால் பையர் வரும்வரை அதையெல்லாம் நான் பார்ப்பது என்று ஆயிற்று.

மெஷின்காரர் அன்று தன் கையாலேயே ஒரு காபி போட்டு முதலாளியிடம் கொடுத்தார். முதலாளி குடித்துவிட்டு, "இது ஓகே. எப்பவும் இதே மாதிரி வரணும்" என்றார்.

ஷூ கம்பெனியில் ஓகே என்பது சாதாரண வார்த்தை இல்லை. பையர் ஒரு தோல் துண்டைப் பார்த்து ஓகே சொன்னால் அதில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு தோலையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நிறத்தில் நூலளவு வித்தியாசம் இருந்தாலும் தள்ளிவிடுவார்கள். தரம் பார்க்கிற மேனேஜர் குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பம். சாயத்துக்குள் பிறந்து தோலுக்கு வந்தவர். முதலாளி ஓகே சொன்னதும் அவர் வெட்டுத் துண்டுகள் போடுகிற கூடைக்குப் போய்க் கிளறினார். அந்தக் காபியின் நிறத்தில் ஒரு தோல் துண்டை எடுத்துவந்து ஓட்டை போட்டு மெஷினில் தொங்கவிட்டார்.

"ஆயா, இதான் அப்ரூவ்டு ஷேடு. இதுல இருந்து மாறக் கூடாது."

மறுநாள் நான் போட்ட முதல் காபியை அவரும் தையல் மெஷின் மெக்கானிக்கும் சோதித்தார்கள்.

"கொஞ்சம் செவப்பு தூக்குது" என்றார் மேனேஜர்.

"கப்பு வெள்ளையா இருக்குதுல்ல சார், அதனால அப்படித் தெரியுது."

"ட்யூப் லைட்ல பாத்தா ஒண்ணும் தெரியாது. ஜன்னலாண்ட எடுத்துட்டு வா."

ஜன்னலாண்ட எடுத்துப்போய்த் தோலைப் பக்கத்தில் பிடித்தார்கள்.

"இங்க செவப்பு இல்ல சார், கொஞ்சம் வெளுப்பாத்தான் இருக்குது. அதுக்குள்ள ஆறிப்போச்சு."

"ஆறட்டும், ஷேடுதான் முக்கியம்." மேனேஜர் நுரையை விரலால் தடவிப் பார்த்தார். "மேல ஃபினிஷ் நல்லா இருக்கு. பால் மட்டும் கம்மி பண்ணச் சொல்லு."

நான் ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருந்தேன். மெக்கானிக் திரும்பி என்னிடம், "பால் கம்மி ஆயா" என்றார்.

வெளிநாட்டுக்கு ஆகாததை உள்ளூரில் தள்ளுவது எங்கள் தொழிலில் வழக்கம். தள்ளுபடியான காபி எல்லாம் மெக்கானிக்குக்குப் போனது. ராத்திரி தூக்கமே வரவில்லை, பேஜாராக இருக்கிறது என்று அவர் சொல்லத் தொடங்கினார். தேறிய காபியை யாரும் குடிக்கவில்லை, அது சாம்பிள். குடிக்க வேண்டும் என்று தோன்றினால் மேனேஜர்கள் கேட்டுக்கு வெளியே டீக்கடைக்குப் போனார்கள்.

பையர் வந்தார். நான் வெளியே தலைகாட்ட வேண்டாம் என்று மேடம் சொல்லியிருந்தார். எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. ஆனால் முதலாளி மெஷினைக் காட்டுவதற்காக அவரை என் அறைக்கே கூட்டிவந்துவிட்டார். பின்னாலேயே எல்லோரும் வந்தார்கள். நான் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் இன்னொரு கேன் மாதிரி நின்றேன்.

முதலாளி இங்கிலீஷில் காபி வேண்டுமா என்று கேட்டார். பையர் சிரித்துக்கொண்டு நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். டாக்டர் காபி கூடாதென்று சொல்லிவிட்டாராம். பைக்குள்ளிருந்து நூல் கட்டிய டீத்தூள் பொட்டலம் ஒன்றை எடுத்தார். வெந்நீர் மட்டும் போதும் என்றார்.

மெஷினில் வெந்நீருக்கு ஒரு குழாய் உண்டு. ஆவி பாய்லர்தான் அதையும் கொடுக்கிறது. பிடித்துக் கொடுத்தேன். காபி பாய்லர் வேலை இல்லாமல் சூடாக நின்றது. எங்கள் ஆபீசிலும் இரண்டு மேனேஜர்கள் இருக்கிற இடத்தில் இப்படித்தான்.

முதலாளியின் முகம் சுருங்கிவிட்டது. மேடம் கதவோரத்திலிருந்து என்னைப் பார்த்தார். ரெஸ்ட் நெருங்கிவிட்டது என்று தெரிந்தது.

அப்போது பையரின் கண் தொங்குகிற தோல் துண்டில் விழுந்தது. கயிற்றை அவிழ்த்துக் கையில் எடுத்தார். கட்டை விரலால் தேய்த்தார், மடித்துப் பார்த்தார், மோந்தார். ட்யூப் லைட்டில் பார்த்துத் திருப்தியாகாமல் ஜன்னலாண்ட போனார். எல்லாத் தேசத்திலும் தோல்காரர்கள் ஒரே சாதிதான் போலிருக்கிறது. முதலாளியிடம் ஏதோ சொன்னார். துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"இன்னாவாம்?" என்று மெக்கானிக் மெதுவாகக் கேட்டார்.

"அடுத்த சீசனுக்கு மொத்த ஷூவும் இந்தக் கலர்லதான் வேணுமாம்" என்றார் மேனேஜர். அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

அது எந்தத் தோல், எப்போது வந்தது, எந்த டேனரியில் பதனிட்டது என்று யாருக்கும் தெரியாது. கூடையில் கிடந்த துண்டு. அதுவும் ஒன்றே ஒன்று. தோலுக்குச் சாயம் போடுகிற மாஸ்டரை டேனரியிலிருந்து கூப்பிட்டார்கள்.

"பீஸ் எங்க?"

"பையர் எடுத்துட்டுப் போய்ட்டார்."

"அப்போ எதைப் பாத்து நான் சாயம் போடறது?"

"போன்ல போட்டோ இருக்குது மாஸ்டர்."

"போட்டோவைப் பாத்துப் போட்டா போனுக்கு ஒரு கலர்ல ஷூ வரும். அவர்கிட்டயே பாதி வெட்டி அனுப்பச் சொல்லுங்க."

முதலாளி தலையில் கை வைத்தார். "கேட்டா, நம்மகிட்ட பீஸ் இல்லன்னு தெரிஞ்சிடுமே."

 பிறகு மேனேஜர் மெஷினைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"ஆயா, அந்தக் காபி ஒண்ணு போடுங்க" என்றார் மேனேஜர். "எப்பவும் போடற மாதிரியே."

 போட்டேன். ஆவிக் குழாயை உடனே துடைத்தேன். மாஸ்டர் கோப்பையை ஜன்னலாண்ட வைத்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "ஆங்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த நாள் புதுச் சாயம் போட்ட ஈரத் தோல் துண்டுகளோடு வந்து காபிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

மேடம் ஒரு தடவை, "இதை வேற யாராவது போடலாமே" என்று கேட்டுப் பார்த்தார். மேனேஜர் பதறிவிட்டார். "ஆளை மாத்தாதீங்க மேடம். ஆளு மாறுனா ஷேடு மாறும்." ரெஸ்ட் பேச்சு அதோடு நின்றது.

சாம்பிள் தோல் பையரிடம் போய் ஓகே ஆகியும் வந்துவிட்டது. இனி அந்தத் தோலையே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. தோல் வெளிச்சத்தில் வெளுக்கும், காபி தினமும் புதிது என்கிறார். மெஷினுக்குக் கேன் தண்ணீர் வருகிறது, பொடி வருகிறது. ரப்பர் வளையம் புதிதாக வந்தபோது ஆபீசே வந்து பார்த்தது.

என் அறைக் கதவு இப்போது மூடுவதே இல்லை. காலையில் மாஸ்டர், மேனேஜர், மெக்கானிக், சில நாள் முதலாளியே கூட வந்து ஜன்னலைச் சுற்றி நிற்கிறார்கள். இத்தனை பேர் நடுவில் நான் இருந்ததே இல்லை. முதல் சில நாள் வியர்த்துக் கொட்டியது. அப்புறம் கவனித்தேன். எல்லோரும் கோப்பையைத்தான் பார்க்கிறார்கள். நான் ஸ்டூலை மெஷினுக்குப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அங்கே உட்கார்ந்தால் கதவைச் சாத்தின மாதிரியே இருக்கிறது.