தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் புதிதாக வந்த நர்சம்மாவை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வந்த வாரமே, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் லயம் லயமாக ஏறி இறங்கி, கண்ணில் பட்ட பிள்ளைகளையெல்லாம் பிடித்து வைத்து நகம் வெட்டினார். அடுத்த வாரம் பூச்சி மருந்து. அந்த நாற்றம் வாயை விட்டுப் போவதற்குள் தலைக்குப் பேன் மருந்து. மலையிலிருந்து பீலியில் வழியும் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு குடும்பத்தின் அறையாக, காம்பரா காம்பராவாகப் போய்ச் சொன்னார். அதற்கு விறகுக்கு எங்கே போவது என்று கேட்டவர்களிடம் சண்டை போடவில்லை; மறுநாளும் வந்து அதையே சொன்னார். அதுதான் அவரிடம் இருந்த பெரிய தொல்லை. கோபப்படவும் மாட்டார், விடவும் மாட்டார்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் வாத்தியாராக இருந்தவரின் மகள் அவர். வேதக்காரர். கழுத்தில் சின்னச் சிலுவை தொங்கும். இன்னும் கல்யாணமாகவில்லை என்பதால் லயத்துப் பெண்களுக்கு அவரைப் பற்றிப் பேச நிறைய இருந்தது.

நான் மூத்தவள். எனக்கு அப்போது ஏழு வயது. தம்பி கைப்பிள்ளை. எங்கள் இருவருக்கும் நடுவில் இரண்டு பையன்கள் பிறந்து, தவழுவதற்கு முன்பே போய்விட்டார்கள். மூன்றாவதும் பையன் என்றதும், பிள்ளை தங்கினால் அந்த வருடத் திருவிழாவுக்குக் கரகம் எடுப்பதாக அப்பா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். தம்பி தங்கினான். அப்பாவும் சொன்னபடி காப்புக் கட்டிக்கொண்டார். காப்பு அவிழ்க்கும்வரை அவருக்குச் சாப்பாடும் படுக்கையும் கோயிலில்தான். வீட்டில் கவிச்சி கூடாது, யாரும் வெளித்தோட்டத்தில் இரவு தங்கக் கூடாது, வீட்டு ஆட்கள் உடம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் சிந்தக் கூடாது. விழுந்து முழங்காலைப் பேர்த்துக்கொள்வேன் என்று என்னை ஓடி விளையாடவே விடவில்லை. சாமி மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தந்தான்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்க்கணக்கில் கக்குவான் இருமல் புகுந்தது. எங்கள் தோட்டம் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவு. நடுவில் ஓர் ஓடைதான். இருமி இருமி மூச்சு அடைத்து, கடைசியில் கூவுகிற மாதிரி ஓர் இழுப்பு இழுப்பார்கள் பிள்ளைகள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் அது எங்கள் லயம்வரை கேட்கும். கேட்கும்போதெல்லாம் அம்மா கை வேலையை நிறுத்திவிட்டுத் தூளியைப் பார்ப்பாள். ஒரு நாள் அங்கே கைப்பிள்ளை ஒன்றைப் புதைத்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் நர்சம்மா ஐஸ் நிரப்பிய பெட்டியோடு பிள்ளைக் காம்பராவில் வந்து உட்கார்ந்தார். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. பால் கொடுக்க அவர்கள் மலையிலிருந்து இறங்கி வரும் நேரத்தில், மூன்று நோய்க்கு ஒரே ஊசி வந்திருக்கிறது, அதில் கக்குவானும் ஒன்று, மூன்று முறை போட வேண்டும், இன்றைக்கு முதல் ஊசி என்றார். ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். மறைத்திருக்கலாம். காய்ச்சல் என்ற சொல் காதில் விழுந்ததுமே பாதிப் பேர் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மீதிப் பேர், கரகக்காரர் பெண்சாதி என்ன செய்கிறாள் என்று அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா, அப்பாவைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தம்பியோடு வந்துவிட்டாள்.

நர்சம்மா விடுவாரா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே எங்கள் வாசலுக்கு வந்தார். கோயிலிலிருந்து அப்பாவைக் கூப்பிட ஆள் போனது. அவர் மஞ்சள் வேட்டியோடு வந்து, காம்பராவுக்குள் வராமல் வெளியிலேயே நின்றார்.

"நர்சம்மா, உங்க மேல எனக்கு வருத்தமில்லீங்க. இந்தப் பிள்ளைய ஆத்தா குடுத்தா. காப்பு கட்டின கையோட அவ குடுத்த பிள்ளை ரத்தத்த நான் சிந்த விட மாட்டேன். காப்ப அவுத்ததும் நானே தூக்கிக்கிட்டு வர்றேன்."

"அண்ணே, நீங்க வருவீங்க. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற இருமல் அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா? ஐஸ் கரைஞ்சா இந்த மருந்தும் வீணாப் போயிரும். அடுத்த பெட்டி எப்ப வரும்னு எனக்கே தெரியாது."

அப்பா முடியாது என்று தலையை ஆட்டினார். வாக்குக் கொடுத்தவர் மாறினால் ஆத்தா கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வாள் என்றார். தெய்வத்துக்கும் ஊசிக்கும் நடுவில் அந்த மனுசன் எவ்வளவு பயந்துபோய் நின்றிருக்கிறார் என்பது இப்போது புரிகிறது. அன்றைக்கு, நர்சம்மா தோற்றுவிட்டார் என்ற சந்தோசம் மட்டுந்தான் எனக்கு. அவரோ பெட்டியை நிழலில் தள்ளி வைத்துவிட்டு, போவதற்கு இடமே இல்லாதவர் போல எங்கள் வாசல் கல்லில் உட்கார்ந்துகொண்டார். லயமே கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

அப்பா முன்னால் அம்மாவின் குரல் உயர்ந்து நான் கேட்டதே கிடையாது. தம்பியைத் தூளியிலிருந்து எடுத்தாள். முறத்தில் கிடத்தினாள். லயத்துக் கோடியில் சாம்பலும் மாட்டுச் சாணியுமாகக் கிடந்த குப்பைமேட்டுக்கு நடந்துபோய், முறத்தோடு அவனை அதன் மேல் வைத்தாள். பிறகு அடுத்த காம்பராக்காரர்களின் மாட்டுப் பட்டியில் புகுந்து ஒரு கை தவிடு அள்ளி வந்து நர்சம்மாவின் கையில் கொட்டினாள்.

"நர்சம்மா, எனக்கு ரெண்டு தங்கல. இத தவிட்டுக்கு விக்கிறேன். வாங்கிக்கிங்க."

தங்காத வீட்டில் பிறந்த பிள்ளையைக் குப்பையில் போட்டு, வேறு வீட்டார் தவிடு கொடுத்து வாங்கிவிட்டால், அது அந்த வீட்டுப் பிள்ளையல்ல. சாவு தேடி வந்தாலும் ஏமாந்து போகும். இது எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து வரும்போதே கொண்டுவந்த வழக்கம். கூடியிருந்த பெரியவர்களுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பாவுக்கும்தான்.

நர்சம்மாவுக்கும் தெரிந்திருந்தது. கழுத்துச் சிலுவையை ஒரு தரம் தொட்டுக்கொண்டார். எழுந்து குப்பைமேட்டுக்குப் போய், வெள்ளைப் புடவையில் சாணி அப்புவதைப் பார்க்காமல் குனிந்து, தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். தவிட்டை அம்மாவின் முந்தானையில் போட்டார்.

"வாங்கிட்டேன். இது எம்புள்ள. யாருக்காவது பேச்சு இருக்கா?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த காப்பைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

"வித்தது வித்ததுதான். அவுங்க பிள்ளைக்கு அவுங்க என்னமும் செய்யட்டும்" என்று சொல்லிவிட்டுக் கோயில் பாதையில் திரும்பி நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஊசி ஏறியதும் தம்பி வீறிட்டான். அவனைவிடச் சத்தமாக நான் அழுதேன். ஊசிக்காக அல்ல, மாட்டுக்குப் போடுகிற தவிட்டுக்கு என் தம்பியை விற்றுவிட்டார்களே என்று. அதன் பிறகு நர்சம்மா, "பால் குடுத்து வளத்துக் குடுங்கக்கா, என் பொருள் பத்திரம்" என்று அவனை அம்மாவிடமே கொடுத்ததை நான் நம்பவில்லை. வேடிக்கை பார்த்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து நீட்டியதையும் நான் கவனிக்கவில்லை.

சாயங்காலம் தம்பிக்குக் காய்ச்சல் கொதித்தது. லயம் எங்கள் கதவைப் பார்த்தபடி இருந்தது. நர்சம்மா கூப்பிடாமலே வந்தார். "எம்புள்ளைக்குக் காய்ச்சல், நான் வராம வேற யாரு வருவா" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து, ஈரத்துணியால் ஒற்றி, மருந்தைக் கரைத்து ஊட்டினார். காய்ச்சல் இறங்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. அம்மா அவர் பக்கத்திலேயே, தன் பிள்ளையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

திருவிழா முடிந்தது. அப்பா நல்லபடியாகக் கரகம் எடுத்தார். அடுத்த இரண்டு ஊசிகளுக்கும் அவரை யாரும் கேட்கவில்லை. நர்சம்மா வந்து, "எம்புள்ளய எடுங்க" என்பார், அவ்வளவுதான். கக்குவான் பிற்பாடு ஓடையைத் தாண்டி எங்கள் லயத்துக்கும் வரத்தான் செய்தது. ஊசி போடாமல் ஒளித்து வைத்த வீடுகளில் பிள்ளைகள் நீலம் பாரித்து இருமினார்கள். தம்பி அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு தவழ்ந்தான். எங்கள் வீட்டில் தவழ்ந்த முதல் பையன்.

மூன்றாவது ஊசி முடிந்த அன்று, தம்பியை எப்போது திருப்பி வாங்குவோம் என்று அம்மாவைக் கேட்டேன்.

"எதுக்கு வாங்கணும்? அவுங்க புள்ளயாவே இருக்கட்டும்" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளோடு பேசவேயில்லை. பெற்ற பிள்ளையை வேண்டாம் என்கிறாளே, இவளும் ஒரு தாயா என்று நினைத்தேன். நர்சம்மா மாற்றலாகி வேறு தோட்டத்துக்குப் போன பிறகும் அம்மா மாறவில்லை. தம்பி பள்ளிக்கூடம் போனான், வேலைக்குப் போனான், அவனுக்குக் கல்யாணமும் ஆனது. யார் கேட்டாலும் "நர்சம்மா மகன்" என்றே சொல்வாள். கேலி என்று நினைத்து நாங்களும் சிரித்தோம், அவனும் சிரிப்பான்.

என் முதல் பிள்ளை பிறந்த அன்று, பார்க்க வந்த அம்மாவிடம் "எம்மகன பாரும்மா" என்று நீட்டினேன். அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் ஒரு நாளும் கேலி செய்திருக்கவில்லை. இரண்டு பையன்களை என் மகன் என்று சொல்லிப் பறிகொடுத்தவள், மூன்றாவதை உயிரோடு வைத்துக்கொள்ள, அந்த ஒரு சொல்லை மட்டும் ஆயுசு முழுக்க வாயில் எடுக்காமலே இருந்திருக்கிறாள்.