குமிழ் நின்ற இடம்

ஜுல்ஃபிகர் பூந்தமல்லிக்காரர். அம்பத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் ஆண்டெனா வடிவமைக்கிறார். குமிழைத் திருகினால் எந்த அலைவரிசைக்கும் வளைந்துகொடுக்கும் ஆண்டெனா. வீட்டில் மனிதர் டிவி சேனலைக்கூட மாற்ற விடமாட்டார் என்பது மனைவி குல்ஷனின் புகார்.

கழிவுத் தொட்டிக்குள் இறங்குகிறவர்கள் மார்பில் கட்டிக்கொள்ள வயர்லெஸ் கேட்டு ஆர்டர் வந்தது. தொட்டிக்குள் மனிதரை இறக்கக் கூடாது என்பது சட்டம். இறங்குகிறவருக்கு நல்ல வயர்லெஸ் வேண்டும் என்பது ஆர்டர். இரண்டும் சண்டை சச்சரவில்லாமல் ஒரே ஊரில் குடியிருந்தன.

உடம்பை ஒட்டி வைத்தால் ஆண்டெனாவின் அலைவரிசை நகர்ந்துவிடும். அதனால் உடம்பைப் போன்ற ஒன்றில் கட்டித்தான் குமிழைச் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். முதலாளி ஹேமநாதன், காட்டுப்பாக்கத்தில் மூடிவிட்ட ஜவுளிக்கடையிலிருந்து ஒரு பொம்மையைத் தூக்கிவந்தார்.

"சார், மனுச ஒடம்பு பாதிக்கு மேல தண்ணி. இது உள்ள வெறும் காத்து."

"பொம்மைக்கு தாகமா எடுக்கப் போவுது? வேலைய பாருப்பா."

ஜுல்ஃபிகர் வேலையைப் பார்த்தார். ஒருமுறை சொல்லியாகிவிட்டது என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கின் கழிவுத் தொட்டியில் சோதனை. இறங்கியவர் பாரிவாக்கம் கோதண்டம்.

"இன்னா பாய், இதுல பாட்டு கேக்குமா?"

"உங்க கொரல் வந்தா போதும்ணே."

இடுப்பில் கயிறு இருந்தது. வழக்கமாக மேலே இருப்பவர்கள் அதை அடிக்கடி சுண்டிப் பார்ப்பார்கள். கீழேயிருந்து பதிலுக்குச் சுண்டாவிட்டால் இழுத்துவிடுவார்கள். ஆர்டர் கொடுத்து அன்று சோதனைக்கு வந்திருந்தவர்கள் வயர்லெஸ்ஸைத்தான் பார்க்க வேண்டும் என்பதால், குரல் கேட்டால் மட்டும் இழுங்கள் என்று ஹேமநாதன் சொல்லியிருந்தார்.

குரல் வரவில்லை. பயல் வேலையில் மும்முரமாக இருக்கிறான் என்றார்கள். வேர்வையில் நனைந்த மார்பில் அலைவரிசை நகர்ந்திருக்கும் என்பது நினைவுக்கு வந்ததும் ஜுல்ஃபிகர் மைக்கை எட்டி எடுத்தார். மேலேயிருந்த கருவிக்குச் சக்தி அதிகம். அது கீழே கேட்கும்.

"அண்ணே! குமிழ இடது பக்கம் திருப்புங்க! மெதுவா!"

கரகரப்பு. பிறகு, பக்கத்தில் நின்று பேசுவதுபோல் அத்தனை தெளிவாக: "எத்தினி வாட்டி கத்துறது பாய்... மூச்சு முட்டுது... தூக்குடா..."

தூக்கினார்கள். கோதண்டத்தின் தலை தொங்கிவிட்டிருந்தது.

ஆம்புலன்ஸில் ஏற்றும்முன் மார்பிலிருந்து கருவியைக் கழற்றினார்கள். பொம்மையில் வைத்த இடத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளிக் குமிழ் நின்றது. ஹேமநாதன் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"கைய வெச்சுடாத ஜுல்ஃபி. அப்டியே இருக்கட்டும், அளந்துக்கலாம்."

ஜுல்ஃபிகர் அளந்தார்.