கற்பூரத்தை அணைத்த கை

அந்தக் கிணறு என்னுடையதல்ல. மாணிக்கம் வெட்டியது. அவன் உள்ளே இறங்கி மண் அள்ள, மேலே நின்று கயிற்றை இழுத்தவன் நான். அதே கிணற்றுக்கு உரிமை கேட்டு அவன்மேல் வழக்குப் போட்டேன். ஜெயித்தேன்.

முகம் சுளிக்கிறாயா? சுளித்துக்கொள். உன் நல்ல அபிப்பிராயத்துக்காக நான் இதை எழுதவில்லை.

சிராங்கூன் சாலையில் எங்கள் மாட்டுக்கொட்டில்கள் அடுத்தடுத்து இருந்தன. இருவருக்கும் பால் வியாபாரம். நான் மாடுகளைக் கால்வாய்க்கு ஓட்டிப் போகவேண்டும். அவனுக்கோ வாசலிலேயே தண்ணீர். "எப்ப வேணும்னாலும் எறைச்சுக்குங்க அண்ணே" என்பான். அந்தத் தாராளம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் கொடுத்து நான் வாங்குவதா?

எல்லைக்கல் இல்லாத இடம் அது. சாட்சிகள் அவன் பக்கம் இரண்டு, என் பக்கம் இரண்டு. நீதிபதித் துரை சலித்துப்போனார். அப்போதுதான் என் வக்கீலிடம் அந்த யோசனையைச் சொன்னேன். பிரதிவாதி அம்மன் கோயிலில் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்து, கிணறு தன்னுடையதென்று சத்தியம் செய்யட்டும். செய்தால் வழக்கை விட்டுவிடுகிறோம். வாதி அப்படிக் கேட்கச் சட்டத்தில் இடமிருந்தது.

எவ்வளவு பெருந்தன்மை, இல்லையா? கோர்ட்டில் இருந்த நம்மவர்கள் தலையாட்டினார்கள்.

மாணிக்கம் செய்யமாட்டான் என்று எனக்குத் தெரியும். அவன் மனைவி செல்லம் எட்டு மாதக் கர்ப்பிணி. முதல் இரண்டும் தங்கவில்லை. இந்த நேரத்தில் புருஷன் கற்பூரத்தை அணைத்தால் இதுவும் தங்காது என்று அவள் என் மனைவி அஞ்சலையிடம் அழுதிருக்கிறாள். சோறு போடும்போது அஞ்சலை அதை என்னிடம் சொன்னாள்... புருஷன்தானே என்று நம்பிச் சொன்னாள்.

"நெசமாவே இருந்தாலும் நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றான் மாணிக்கம். பிறகு என்னைக் கையால் காட்டினான். "அவரே பண்ணட்டும். நான் கட்டுப்படுறேன்."

அம்மன் சந்நிதியில் யாரும் பொய் சொல்லமாட்டார்கள் என்று நம்பிய முட்டாள்!

எனக்குப் பிள்ளை இல்லை. பிறகென்ன பயம்? கோர்ட்டுக் குமாஸ்தா பார்த்திருக்க, கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

மறுநாளே கிணற்றைச் சுற்றி வேலி போட்டேன். செல்லம் வயிற்றைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிப் பைப்புக்கு நடந்தாள். அவளுக்குப் பெண் பிறந்தது, நன்றாகவே இருந்தது. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மன் மறந்துவிட்டாள் என்று சிரித்தேன்.

அஞ்சலை மறக்கவில்லை. சண்டையும் போடவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு அவளும் பைப்புக்குப் போனாள். ஏழு வருஷம், தினமும், என் கிணற்றைத் தாண்டி! திட்டினேன். குடத்தை உடைத்தேன். வேறு குடம் வாங்கிக்கொண்டாள்.

ஒரு காலையில் அவளுக்கு வாந்திபேதி கண்டது. மத்தியானத்துக்குள் கண்கள் உள்ளே போய்விட்டன. தண்ணீர் கேட்டாள். கிணற்றிலிருந்து கொண்டுவந்தேன், உதட்டை இறுக மூடிக்கொண்டாள். "பைப்புத் தண்ணி" என்றாள், அவ்வளவுதான்.

குடத்தோடு ஓடினேன். பைப்படியில் நீள வரிசை. முதல் ஆளாகச் செல்லம்.

"அஞ்சலைக்கு ரொம்ப முடியல. வழி விடு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நேத்து சாயங்காலம் நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்துச்சு அக்கா... சத்தியமாவா?"

ஊரெல்லாம் சாதாரணமாகக் கேட்கிற கேள்வி. ஆமாம், சத்தியமாக என்றால் போதும், விலகியிருப்பாள். வாயைத் திறந்தேன்... வரவில்லை. பொய்க்கு அத்தனை சுலபமாக நீண்டது கை; உண்மைக்கு ஒரு சொல் சொல்ல நாக்கு எழவில்லை. இதை உனக்கு எப்படி விளங்கவைப்பேன்?

"வரிசையில நில்லுங்க" என்று அவள் திரும்பிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

நின்றேன். பதினோரு பேருக்குப் பின்னால், வாயைத் திறக்காமல் நின்றேன். குடம் நிறைய எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது அஞ்சலையின் உதடுகள் மூடியே இருந்தன. விரலால் பிரித்து ஊற்றினேன். தண்ணீர் கன்னத்தில் வழிந்து பாயில் இறங்கியது.

கிணறு இன்றும் என் பெயரில்தான் இருக்கிறது.