அண்ணன் வேண்டாம் என்று சொன்ன இரண்டு வேலைகள்

எங்கள் தெருவில் யாருடைய வண்டி பழுதானாலும், மெக்கானிக்கைத் தேடிப் போவதற்கு முன் என் அண்ணனைத் தேடி வருவார்கள். அவருக்கு வண்டி வேலை தெரியும் என்பதற்காக அல்ல. எந்தப் பக்கம் திருகினால் நட்டு கழலும் என்பதிலேயே அவருக்கு ஒவ்வொரு முறையும் சந்தேகம் வரும். ஆனால் பட்டறையில் சொல்கிற வேலைகளில் எது தேவை, எது நம் தலையில் கட்டப் பார்ப்பது என்று அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று தெருவே நம்பியது. அவரும் நம்பினார். நானும்தான்.

இரும்புலியூரில் அவர் வீடும் என் வீடும் ஒரே தெருவில். அவர் அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தார். எனக்குத் தேதிகள் மேல் ஒரு பித்து உண்டு. வரலாற்றுப் புத்தகங்களும் பழைய பயணக் குறிப்புகளுமாகக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்ததில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் நடப்பவற்றைத் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் குறித்துவைப்பேன். அதனால் நான் இங்கே சொல்லும் ஆண்டும் மாதமும் பிசகாது. மற்றவற்றுக்கு என் நினைவுதான் பொறுப்பு.

அண்ணன் அந்த வெள்ளைக் காரை 2001 ஆவணியில் வாங்கினார். இன்னொருவர் ஓட்டிய சின்ன கார். ஏ.சி. கிடையாது. பின் கதவு ஒன்றை உள்ளேயிருந்து திறக்க முடியாது. வாங்கிய அன்று மாலை, அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்த அவர் மகள் முன் சீட்டில் உட்கார்ந்து தாம்பரம் மேம்பாலம் வரை போய் வந்தாள். இறங்கும்போது அண்ணன் அவளிடம், உன் கல்யாணத்தன்று கோயிலிலிருந்து உன்னை நானேதான் இந்தக் காரில் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வருவேன் என்றார். அவள், அதுவரைக்கும் இது ஓடணுமேப்பா என்றாள். அன்றிலிருந்து அப்பாவுக்கும் பெண்ணுக்கும் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. காரில் எது கெட்டாலும், “கல்யாணக் காருக்கு என்னப்பா ஆச்சு?” என்பாள்.

முதல் வருடம் அவர் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்த பெரிய சர்வீஸ் சென்டருக்குத்தான் போனார். ஒரு தடவை ஹாரன் அடிக்கவில்லை என்று காரை விட்டார். குளிரூட்டிய அறையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். டை கட்டிய பையன் ஒருவன் வந்து, இன்ஜினை உள்ளுக்குள் கழுவ வேண்டும், அடிப்பாகத்துக்குத் துருப் பிடிக்காமல் பூச்சு அடிக்க வேண்டும், சீட்டுக்கு நுரை போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் அண்ணன் மரியாதையாகத் தலையாட்டினார். காப்பி குடித்துவிட்டு எப்படி மறுப்பது என்று பின்னால் என்னிடம் சொன்னார். மாலையில் கார் பளபளவென்று வாசனையோடு வந்தது. தெருமுனையில் குறுக்கே வந்த மாட்டுக்கு ஹாரன் அடித்தார். சத்தம் வரவில்லை.

அதோடு அந்தப் பக்கம் போவதை நிறுத்தினார். எங்கள் தெருவுக்குப் பின்னால், வாகை மரத்தடியில் தகரக் கூரை போட்டிருந்த பட்டறைக்கு மாறினார். அங்கே மெக்கானிக் ஒருவர்தான். அவருக்கு உதவியாக அவர் மனைவியின் தம்பி இருந்தார். மெக்கானிக் அவரை மச்சான் என்று கூப்பிட, அந்தப் பக்கம் போகிற எல்லாருக்கும் அவர் மச்சான்தான்.

அங்கே அண்ணன் புது மனிதராக மாறினார். காப்பியும் நாற்காலியும் இல்லாத இடத்தில் அவருக்கு வாய் வந்தது. கழற்றிய பழைய சாமானைக் கையில் கொடுக்கச் சொல்வார். புதுச் சாமானைத் தாமே தாம்பரம் போய் வாங்கி வருவார். மெக்கானிக் என்ன சொன்னாலும் ஒரே கேள்வி கேட்பார்: “இத இப்ப மாத்தலைன்னா என்ன ஆகும்?” பதிலைவிடப் பதில் வருகிற குரலைத்தான் கேட்பார். நிஜமான வேலையைச் சொல்லும்போது குரல் நேராக வரும், இல்லாததைச் சொல்லும்போது கொஞ்சம் இழுக்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு.

அது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். மெக்கானிக் பானெட்டைத் திறந்து, ஆயில் மாத்தணும், பிளக் மாத்தணும் என்று விரல் விட்டுச் சொல்லிக்கொண்டு வருவார். கடைசி இரண்டு விரலுக்கு வரும்போது குரல் இறங்கும். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு, “அந்தக் கடைசி ரெண்டும் வேணாம்ப்பா” என்பார். மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு, “சார்கிட்ட முடியாதுப்பா” என்று சிரிப்பார். திரும்பி வரும் வழியில் அண்ணன் நடையே வேறாக இருக்கும்.

இந்தத் திறமை தெருவில் பரவியது. மாடி வீட்டுக்காரர் ஸ்கூட்டருக்கும், எதிர்வீட்டு டீச்சரின் மொபெட்டுக்கும் அண்ணன் கூடப் போனார். அலுவலகத்தில் அவர் சொல்லை யாரும் அவ்வளவாகக் கேட்டதில்லை. மரத்தடியில் கேட்டார்கள். அண்ணி மட்டும், “எல்லாத்துலயும் ரெண்டு கழிக்கிறாரு. சாம்பார்ல உப்பும் பருப்பும் வேணாம்னு சொல்லாம இருந்தா சரி” என்பார்.

மகள் கல்யாணம் 2005 வைகாசியில் என்று நிச்சயமானது. திருநீர்மலையில் தாலி கட்டி, எங்கள் வீட்டு வழக்கப்படி முதலில் பெண் வீட்டுக்கு வந்து பால் பழம் சாப்பிட்டு, பிறகு பெரும்பாக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது என்று பேச்சு. மாப்பிள்ளையின் பெரியப்பா ஏ.சி. வைத்த பெரிய காரை ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். அண்ணன் பணிவாக மறுத்துவிட்டார். பொண்ணை நான் என் காரில் கூட்டிக்கொண்டு வருவதாக அவளுக்குச் சொல்லியிருக்கிறேன் என்றார். பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் காரைப் பட்டறைக்குக் கொண்டு போனோம். மெக்கானிக் இல்லை. அவருடைய தகப்பனார் இறந்து, காரியத்துக்காக வந்தவாசிப் பக்கம் போயிருந்தார். மச்சான்தான் இருந்தார். அதுவரை அவர் வாடிக்கையாளரிடம் பேசி நான் பார்த்ததில்லை. கூச்ச சுபாவம். பானெட்டுக்குள் தலையை விட்டு நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, ஆயில், பிளக், பிரேக் என்று சொன்னார். கடைசியில், எங்களைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினார்.

“ஃபேன் பெல்ட்டு வெடிப்பு விட்டுகீது சார். ரேடியேட்டர் ஹோஸும் உப்பிகினு கீது. ரெண்டையும் மாத்திடலாம்.”

அண்ணன் தம் கேள்வியைக் கேட்டார்.

“இப்ப ஒண்ணியும் ஆவாது சார்,” என்றார் மச்சான். “ஓடும். எப்ப போவும்னு சொல்ல முடியாது.”

அண்ணன் என்னைப் பார்த்தார். அதே பார்வை. எனக்கும் அந்தக் குரல் இழுத்தது போலத்தான் கேட்டது. “கடைசி ரெண்டும் வேணாம்ப்பா. அப்பறம் பாத்துக்கலாம்,” என்றார். மச்சான் சிரிக்கவில்லை, தலையையும் சொறியவில்லை. சரி சார் என்று பிளக்கைக் கழற்றக் குனிந்தார். கூட ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. மாமா இல்லாத நேரத்தில், மாமாவின் பழைய வாடிக்கையாளரிடம் எவ்வளவு பேசலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

கல்யாணம் நன்றாக நடந்தது. கூட்டமான முகூர்த்த நாள். அடிவாரத்தில் எத்தனையோ கல்யாணங்கள். மாலையும் கழுத்துமாக மகளும் மாப்பிள்ளையும் பின் சீட்டில் ஏறினார்கள். திறக்காத கதவின் பக்கம் மாப்பிள்ளை உட்காரக் கூடாது என்று அவளே இடம் மாறிக்கொண்டாள். முன்னால் நான். அண்ணன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். “கல்யாணக் கார் கிளம்புதுப்பா,” என்றாள். கண்ணாடியில் அவளைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

கோயில் தெருவை விட்டு வெளியே வரவே நேரமாயிற்று. வெயில். வண்டிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. ஏரிக்கரையைத் தாண்டி, சாலை கொஞ்சம் விட்ட இடத்தில், முன்னாலிருந்து பொத்தென்று ஒரு சத்தம். கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஆவி. அண்ணன் காரை ஓரங்கட்டினார். பானெட்டைத் திறந்ததும் வெந்நீர் தெறித்து அவர் கை சிவந்தது. உப்பியிருந்த ஹோஸ், ரேடியேட்டர் தண்ணீர் போகும் அந்த ரப்பர் குழாய், நீளவாக்கில் கிழிந்திருந்தது.

பின்னால் வந்த மாப்பிள்ளை வீட்டு வேன் நின்றது. பெரியப்பா இறங்கி வந்து, ஆவியைப் பார்த்து, எங்களையும் பார்த்தார்.

“என்ன சம்பந்தி, காரும் சாமி கும்பிடுதா? சாம்பிராணி பலமோ, இப்படிப் புகையுது?”

வேனிலிருந்து சிரிப்பு வந்தது. நல்ல நேரம் முடிவதற்குள் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும் என்று அவர் வீட்டுப் பெண்கள் அவசரப்படுத்தினார்கள். மாப்பிள்ளை இறங்கி வேனில் ஏறிவிட்டார். மகள் சாலையோரம் மாலையோடு நின்றாள். கொஞ்சம் இருந்து பார்க்கலாமே என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

“நீ போம்மா. அப்பா பின்னாடியே வந்துடறேன்,” என்றார் அண்ணன்.

அவள் போனாள். வேன் திரும்பும் வரை ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது.

கைபேசியில் கூப்பிட்டதும் மச்சான் வந்துவிட்டார். வழியில் பல்லாவரத்தில் ஹோஸும் பெல்ட்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். இன்ஜின் ஆற வேண்டும் என்று மூவரும் ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்தோம். மச்சான்தான் ஆரம்பித்தார்.

“நான் அன்னிக்கே கொஞ்சம் அடிச்சி சொல்லியிருக்கணும் சார்.”

அண்ணன் சிவந்த கையை ஊதிக்கொண்டிருந்தார். “நீ சொன்னப்பா. எனக்குத்தான் பொய் மாதிரி கேட்டுது.”

நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது வாசலில் ஆரத்தித் தண்ணீர் காய்ந்திருந்தது. பால் பழம் முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் புறப்படத் தயாராக நின்றார்கள். மகள் அப்பாவின் கையைப் பார்த்துவிட்டு மருந்து தேடி உள்ளே ஓடினாள். அதற்குள் அவளைப் புறப்படக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரம் மெக்கானிக் மொட்டைத் தலையோடு திரும்பினார். துக்கம் விசாரிக்க நான் மட்டும் போயிருந்தேன். மச்சான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் போல. மெக்கானிக் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

“சின்ன சார், உங்க கைல சொல்றதுக்கு இன்னா. சார் எப்பவும் ரெண்டு வேணாம்னு சொல்லுவாரு. சொல்லலைன்னா அவருக்கு மனசு ஆறாது. அதுக்கோசரம் நானே ரெண்டு இல்லாதத சேத்து, கடைசில மெதுவா சொல்லுவேன். அவரு அந்த ரெண்ட கழிச்சிடுவாரு. வண்டிக்கு வேண்டியது தப்பிச்சிடும். இவன் அது தெரியாம, உள்ளத மட்டும் சொல்லிகினான்.”

மூன்று வருடமாக அந்த மரத்தடியில் நடந்தது என்ன என்று ஒவ்வொன்றாகப் புரிந்தது. அவர் ஏமாற்றவில்லை. அண்ணன் வேண்டாம் என்ற எதற்கும் காசு வாங்கவில்லை. ஒரு மனிதர் ஜெயித்துவிட்டுப் போகட்டும் என்று ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறார். அந்த வெற்றியை அண்ணன் வித்தை என்று நினைத்துவிட்டார். அந்தக் குரல் அவருக்காக வேண்டுமென்றே இழுக்கப்பட்ட குரல் என்று யாருக்குத் தெரியும்?

“சாராண்ட நானே சொல்லிடட்டா?” என்று மெக்கானிக் கேட்டார். வேண்டாம் என்றேன். கை வெந்தது போதும் என்று அப்போது தோன்றியது. இப்போது யோசித்தால், சொல்லியிருந்தால் ஒருவேளை அவர் கோபப்பட்டு, அப்புறம் சிரித்தும் இருப்பார்.

அதற்குப் பிறகு அண்ணன் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மெக்கானிக் என்ன சொன்னாலும், போட்டுடுப்பா என்பார். பழக்கதோஷத்தில் மெக்கானிக் கடைசியில் இரண்டைச் சேர்த்துச் சொல்லிவிடுவார். அண்ணன் அதற்கும் தலையாட்டுவார், அந்தக் காப்பி அறையில் ஆட்டியது போலவே. மெக்கானிக் திண்டாடிப் போய், “இல்ல சார், இது வேணாம் சார், நல்லா கீது சார்” என்று தாமே இரண்டையும் கழிக்க வேண்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. தெருக்காரர்கள் துணைக்குக் கூப்பிட்டபோது, எனக்கு என்ன தெரியும் என்று சொல்லி அனுப்பினார். கொஞ்ச நாளில் கூப்பிடுவதும் நின்றது.

2007 தையில் மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவரப் பெரும்பாக்கம் போனோம். கார் வாசலில்தான் நின்றது. முந்தின வாரம்தான் மெக்கானிக் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருந்தார். அண்ணன் கால் டாக்சி வரவழைத்தார். அண்ணி காரைக் காட்டிக் கேட்டதற்கு, டாக்சி வருகிறதா என்று தெருமுனைக்குப் போய் நின்றார்.

மகள் வீட்டிலிருந்து வெளியே வந்ததும் தெருவில் இரண்டு பக்கமும் பார்த்தாள். “கல்யாணக் கார் எங்கப்பா?” என்றாள்.

வேலைக்கு விட்டிருக்கிறேன் என்றார்.

அவளும் அண்ணியும் நானும் பின்னால் ஏறினோம். அண்ணன் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சாலையெல்லாம் குண்டும் குழியுமாக இருந்தது. மெதுவாகப் போங்கள் என்று அண்ணி டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். மகள் அப்பாவின் தோளை எட்டித் தொட்டு ஏதோ கேட்டாள். அவர் திரும்பவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் சூடு காட்டும் முள்ளையே சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரும்புலியூர் வரும் வரை அது அசையவே இல்லை.